லிஃப்ட் ஓடாத திங்கட்கிழமை

அலுவலகத்தில் அவளுக்குக் கிரிஸ்டல் அக்கா என்று பெயர். விண்வெளித் தொலைநோக்கிக்குள் வைக்கிற உணர்கருவிப் பெட்டியை, ஒவ்வொரு படிகக் கட்டியாகத் துடைத்து, சுற்றி, ஒட்டி, பூட்டி எழுப்புகிற வேலை. பதினோரு வருஷமாக இதேதான். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது காமா கதிர் ஒரு வீச்சு வீசும், சில நொடிதான். காற்று மண்டலம் அதைக் கீழே விடாது என்பதால் மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். பிடிக்கிற பெட்டிக்கு ஒரே ஒரு ஒழுக்கம் வேண்டும்: வெடிப்பு வந்தால் கத்த வேண்டும், வராவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும். மனுஷர்களுக்கே வராத ஒழுக்கம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நாலு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த பெட்டி, கடைசிச் சோதனையில் சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் கத்தித் தொலைத்தது. திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிஷம் கதிர் எண்ணிக்கை நாற்பது மடங்கு எகிறி, பிறகு தானாகவே அடங்கிவிட்டது.

திட்டத் தலைவர் இரண்டே வரியில் குறிப்பு எழுதினார். ‘இணைப்புப் பணியில் கவனக்குறைவு. மாற்றுப் பெட்டியைப் பரிசீலிக்கலாம்.’ அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், இங்கே சார். சொந்த மச்சினி என்றும் பார்க்காமல் எழுதினாரே, என்ன நேர்மை என்று கேண்டீனில் மெச்சிக்கொண்டார்கள். இவள் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை குழு கூடி முடிவு சொல்லும். அவள் பெட்டி விண்வெளிக்குப் போகுமா, அலமாரிக்குப் போகுமா என்பதுதான் கேள்வி.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு கதிருக்கும் எவ்வளவு சக்தி என்று பிரித்து வரைபடமாகப் போட்டாள். ஒட்டு விட்டிருந்தாலோ கம்பி தளர்ந்திருந்தாலோ கீழ்க்கோடியில் குப்பையாகக் கொட்டியிருக்கும். இதுவோ ஒரே இடத்தில் குத்துக்கல் மாதிரி எழுந்து நின்றது. அட்டவணையைப் புரட்டினாள். தாலியம். இதயத்தை ஸ்கேன் எடுக்க ரத்தத்தில் ஏற்றுகிற மருந்து. ஏற்றிக்கொண்டவர் உடம்பிலிருந்து பல நாள் கதிர் கசியும், மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் பாதியாகும்.

ஆக, பெட்டி பொய் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய ஓர் ஆள் அதன் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். கதவுப் பதிவில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு அடையாள அட்டை இருந்தது. சாருடையது.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

“திங்கக்கிழமை காலைல இவர் பச்சத் தண்ணி கூடக் குடிக்காம ஓடினாருடி. ஏதோ மீட்டிங்காம். கேட்டா எரிஞ்சு விழறாரு. அப்படி என்னதான் வேலை அங்க?”

“எனக்கென்னக்கா தெரியும்” என்றாள். அந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தெரியாமல் வந்து நின்றிருப்பார் பாவம் என்றுகூட அன்றைக்கு நினைத்தாள். மறுநாள் அந்த இரக்கமும் போயிற்று. எப்போதும் பெட்டியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்க்கிற மனிதர், பெட்டி இருந்த நாலாம் மாடிப் பக்கமே வரவில்லை.

“சார், நீங்களே ஒரு தடவை வந்து பாத்துடுங்களேன்” என்று போனில் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“அவசியமில்ல. அறிக்கைய கீழ கொண்டா.”

தன் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர்தான் அந்தப் பெட்டிக்குப் பயந்து ஒதுங்குவார். நெஞ்சு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் தலைமை கைமாறிவிடும். அதற்காக மச்சினி தலையில் பழியைக் கட்டிவிட்டு, மனசாட்சி உறுத்தாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வரைபடத்தைக் குழுவுக்கு அனுப்பினாலே பெட்டி பிழைத்துவிடும், ஆள் யாரென்று சொல்லக்கூட வேண்டாம். அவளுக்கு அது போதவில்லை. எல்லார் முன்னாலும் அவர் நிற்க வேண்டும், பெட்டியே அவரைக் காட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தைச் சோதனைக் கூடத்திலேயே, பெட்டி ஓடும்போதே வைக்கலாமா என்று எழுதிக் கேட்டாள். ஒத்துக்கொண்டார்கள். குறிப்பு எழுதியவர் வராமல் தப்ப முடியாது.

பெட்டி ஓடும்போது லிஃப்ட் ஓடக் கூடாது. மோட்டார் கிளம்பினால் அளவில் இரைச்சல் விழும் என்று அவள்தான் அந்த விதியைப் போட்டிருந்தாள். எல்லாரும் மேலே வந்து சேர்ந்த பிறகு நிறுத்தியிருக்கலாம். காலை ஒன்பதுக்கே லிஃப்ட் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டாள். விதிப்படிதான் செய்தாள், யாரும் குற்றம் சொல்ல முடியாது.

குழுவினர் நாலு பேரும் வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று. வியர்வை காதோரம் வழிந்தது. வாசலிலேயே நாற்காலி தேடினார்.

“பக்கத்துல வாங்க சார். நீங்கதான குறையக் காட்டணும்?”

“இங்கயே இருக்கேன்.”

“பெட்டி கடிக்காது சார்.”

குழுவில் ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகும் எப்படி ஒதுங்கி நிற்பது, சார் பெட்டியை நோக்கி நடந்தார். அடிக்கு அடி திரையில் கோடு ஏறியது, அதே குத்துக்கல், அதே இடம். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவரை வெளியே போகச் சொன்னார், கோடு இறங்கியது. உள்ளே வரச் சொன்னார், ஏறியது.

“ஸ்கேன் எப்ப எடுத்தீங்க?”

“போன திங்கள்.”

“அந்தக் குறிப்ப எழுதும்போது, காரணம் இதுதான்னு தெரியுமா?”

அவர் மச்சினியைப் பார்த்தார். “தெரியும்” என்றார்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. ஒரு வாரம் கறுவியதற்கெல்லாம் அந்த ஒரு சொல் போதும். நாக்கில் வைத்துச் சப்பிச் சாப்பிட்டாள் என்றே சொல்லலாம், மறைப்பானேன்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று அடைப்பு, அறுவை, ஆள் பிழைத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாம் சொல்லிட்டாரு. என்கிட்ட மறைச்சதுக்கும், உன்மேல பழி போட்டதுக்கும் அவர நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணு சொல்லு. லிஃப்ட நிறுத்தினது யாரு?”

“அது விதிக்கா. பெட்டி ஓடும்போது...”

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தான்.”

“அவருக்கு நெஞ்சு சரியில்லன்னு அப்ப உனக்குத் தெரியுமா?”

அவள் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகப் போனாள்.  அக்கா அதை வாங்கி, மூடியை இறுக்கி, அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“எடுத்துட்டுப் போ.”

பெட்டி மேலே போனது. முதல் வெடிப்பைப் பிடித்த அன்று, ஒன்பது மாதம் கழித்து, அக்காவுக்குப் போன் போட்டாள். அத்தான் எடுத்தார்.

“பெட்டி பிடிச்சிடுச்சாமே. பாத்தேன். சுத்தமா இருக்கு.”

“ஆமா அத்தான். அக்கா இல்லையா?”

“பக்கத்துலதான் இருக்கா” என்றார். போனைக் கைமாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி அவர் குரல்தான் வந்தது. “வாங்க மாட்டேங்கறாம்மா.”