ஊசி பாய்க்குக் கிடைத்த அனுமதி

பழவேற்காட்டில் கௌஸ் மைதீன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ஊசி பாய் வீடு என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். காட்டிவிட்டு ஓட்டம் பிடிக்கும். கப்பல் வைத்து வியாபாரம் செய்த பரம்பரை என்று மைதீன் பெருமையடித்துக்கொள்வார். கப்பலெல்லாம் பாட்டனார் காலத்திலேயே போய்விட்டதால், அவர் கொழும்பில் மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ மாலை வகுப்பில் அக்குபங்சர் படித்து, எண்பத்தொன்றில் ஒரு பெட்டி ஊசியோடும், மாட்டினால் சுவரே சின்னதாகத் தெரிகிற ஒரு சான்றிதழோடும் ஊர் திரும்பினார்.

கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு சிறு குப்பத்தில் அறை பிடித்து உட்கார்ந்தார். கெளுத்தி முள் தினமும் இனாமாகக் குத்துகிறது, இதற்கு ஒரு வைத்தியரா என்று மீனவர்கள் சிரித்தார்கள். துணிந்து முதலில் வந்தவள் குப்பம்மாள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். விரல்கள் மரத்துப்போய், இறாலுக்கும் கிளிஞ்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல் வெறும் பறியோடு வீடு போய்க்கொண்டிருந்தாள். மைதீன் விடாமல் குத்தினார், உணர்ச்சி திரும்பியது. குத்துவதை நிறுத்தினால் மறுபடி மரத்துவிடும் என்பதும் தெரிந்தது. அவள் வீட்டில் உலை கொதிப்பது அந்த விரல்களை நம்பித்தான்.

மைதீனின் பேர் பரவியதும் கம்பவுண்டர் தானியேலுக்கு வயிறு எரிந்தது. எந்த நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தை ஊசியில் ஏற்றுகிற மகான் அவர். லைசென்ஸ் இல்லாமல் குத்துகிறான் என்று மேலே மனு போட்டார். அவரிடமும் லைசென்ஸ் கிடையாது, ஆனால் மனு போட லைசென்ஸ் வேண்டியதில்லையே. ஒரு போலீஸ்காரர் வந்து, லைசென்ஸ் வாங்கு, இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிப்போய்விடுவேன் என்று மிரட்டினார். மிரட்டி முடித்துத் தோள்வலிக்கு இரண்டு ஊசி குத்திக்கொண்டு போனார்.

மைதீன் பொன்னேரிக்குப் போனார். அங்கே ஒரு குமாஸ்தா, இது எங்கள் செக்‌ஷன் இல்லை என்று பட்டணத்துக்கு அனுப்பினார். பட்டணத்தில் இங்கிலீஷ் வைத்தியத்தார் இது வைத்தியமே இல்லை என்றார்கள். சித்த வைத்தியத்தார், வைத்தியம்தான், ஆனால் சீனாக்காரனுடையது என்றார்கள். ஊசி உலோகம்தானே, சிறுதொழிலில் கேட்டுப் பாருங்கள் என்றார் ஒரு புண்ணியவான். செருப்பு தேய்ந்து பொன்னேரிக்கே திரும்பியவரைப் பார்த்துக் குமாஸ்தாவுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"லைசென்ஸ் குடுக்க சட்டம் இல்ல பாய், அதனால குடுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாம குத்தக் கூடாது, அதனால குத்தவும் முடியாது. இதுல உனக்கு இன்னா புரியல?"

முடிச்சை அவிழ்த்தவர் குப்பத்துத் தலைவர் முனியன். அந்தக் குப்பத்தில் ஏரியை முறை வைத்துப் பிரித்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று சபை சொல்லும். அதற்குப் பாடு என்று பேர். சர்க்கார் பிரிக்காவிட்டால் என்ன, வைத்தியத்துக்கும் நாமே பாடு போட்டுவிடலாம் என்றார் தலைவர். ஒரு நாள் தானியேல், மறுநாள் வேப்பிலை அடிக்கிற காந்தா, அதற்கடுத்த நாள் ஊசி பாய். முறை தப்பிக் கை வைத்தவர் அப்புறம் அந்தக் கரையில் தொழில் செய்யக் கூடாது. மைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. 'சபை அங்கீகாரம் பெற்றவர்' என்று போர்டு எழுதி மாட்டினார்.

அதன்பிறகு நோய்கள் நாள் பார்த்து வர வேண்டியதாயிற்று. காந்தா முறையில் கை முறிந்தவனுக்கு வேப்பிலை. ஊசி பாய் முறையில் பேதி கண்டவனுக்கு ஊசி. அவன் பாதி ஊசிகளோடு எழுந்து ஓடினான். எல்லாரையும்விட விதியில் கறாராக இருந்தவர் மைதீன்தான். தன் நாளில் தானியேல் ஒரு தலைவலி மாத்திரை கொடுத்ததற்குச் சபையையே கூட்டிவிட்டார்.

முகத்துவாரம் திறந்து இறால் உள்ளே ஏறிய சமயம். தானியேல் முறையன்று குப்பம்மாள் வந்து வாசலில் நின்றாள். ஊசி பாய் நாளில் வந்தாலோ, குப்பத்தார் முதலில், வலையும் பாடும் இல்லாமல் கையால் பிடிக்கிற வெளியாட்கள் கடைசியில் என்பது சபை விதி. அவள் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"வெரலு செத்துப்போச்சு பாய். எல்லாரும் பறி நெறைய அள்றாங்கோ. என்து காலியா கீது."

"இன்னிக்கு தானியேல் முறை. அவரைப் பாரு."

"அவரு மருந்துக்கு வெரலு வராது பாய்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இது என் செக்‌ஷன் இல்ல."

குப்பம்மாள் வெறும் பறியோடு ஏரிப் பக்கம் போய்விட்டாள். பொன்னேரிக் குமாஸ்தா தன் வாய்க்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது மைதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூனிக்குறுகிப் போனார். காய்ச்சி வைத்திருந்த ஊசிகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

அவள் அதற்குள் முழங்கால் தண்ணீரில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். வர மறுத்தாள். கரையில் குத்தினால் உன் போர்டு போய்விடும் என்று பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள். மைதீன் தண்ணீரைப் பார்த்தார். வலை போட லாயக்கில்லாத ஆழம். யாருடைய வலைப்பாட்டிலும் சேராத இடம். அதனால்தான் கையால் பிடிக்கிறவர்களை அங்கே விட்டுவைத்திருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"விதி கரைக்குத்தான். இது யாரு பாட்டுலயும் இல்ல. கைய நீட்டு."

தானியேல் ஓடிப்போய்ச் சொல்ல, சபை கூடியது. தண்ணீரில் குத்தியதற்குத் தண்டனை கொடுக்க வேண்டுமானால் அந்த இடத்தையும் பாட்டில் சேர்க்க வேண்டும். சேர்த்தால், அங்கேயே கிடக்கிற கைப்பிடிக்காரர்களுக்கும் ஒரு முறை ஒதுக்க வேண்டும். இதை யாரோ எடுத்துச் சொன்னார். உடனே எல்லாருக்கும் அவசர வேலை நினைவுக்கு வந்து, வழக்கு அப்படியே நின்றுபோனது.

போர்டு கரையில் தொங்க, மைதீன் தினமும் ஒரு ஸ்டூலோடு ஏரியில் இறங்கினார். தானியேல் நாள், காந்தா நாள் என்று பாராமல் ஜனம் தண்ணீரில் வரிசை கட்டியது. ஒரு நாள் இடுப்புப் பிடிப்போடு தலைவர் முனியனே வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நேரே ஸ்டூலை நோக்கி நடந்தார்.

"பின்னாடி நில்லுங்க தலைவரே," என்றார் மைதீன். "குப்பம்மா முதல்ல வந்துச்சு."

தலைவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.