சுவரைப் பார்த்து நின்ற அந்தோனியார்

நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை எங்கே அடித்தாலும், டுசல்டோர்ஃபில் அந்த மனநல மருத்துவரின் காத்திருப்பறை என் மூக்குக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். வெளியே மழை, உள்ளே ஆறிப்போன கோப்பி, பக்கத்தில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பழக்கமான மன்னார் அக்கா. சிறுவர் பள்ளியொன்றின் குசினியில் வேலை. புருஷன் செத்த பிறகு ஆள் பாதியாகிவிட்டார்.

மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூட்டிப்போனார். தாதியோ ஒரு டேப்லெட்டை நீட்டினார். தமிழில் பேசினால் போதுமாம். செயற்கை நுண்ணறிவு கேட்டுச் சுருக்கி, என்ன நோய் என்ற ஊகத்தோடு டாக்டருக்கு ஜெர்மனில் அனுப்பிவிடுமாம்.

“விசர் எண்டு எழுதிச்சுதெண்டா என்ர வேலை போயிடும், தம்பி.”

“உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா.”

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய வாய். டேப்லெட் கேட்காததையும் சொன்னது.

டாக்டர் இளம்பெண். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு வாசித்தார். நோயாளி தனியாக வசிப்பதாகச் சொல்கிறார். ஆனால் அந்தோனியோடு இரவெல்லாம் பேசுகிறார். கேட்டதைத் தராததால் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துத் தண்டித்திருக்கிறார். கடும் மனப்பிறழ்வாக இருக்கலாம்.

சிரிப்பை விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தேன். அக்காவின் கை பையை இறுக்கியது.

“அந்தோனி உங்களுக்குப் பதில் சொல்வாரா?” என்று டாக்டர் என்னூடாகக் கேட்டார்.

“பதில் சொன்னால் நான் ஏன் இஞ்ச வாறன்?”

அந்தோனியார் புனிதர் என்று அக்கா இயந்திரத்திடம் சொல்லவேயில்லை. மன்னாரில் அது தெரியாதவர் யார்? நான்தான் விளக்கினேன்: தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர், அக்காவின் வீட்டில் இருப்பது ஒரு சாண் உயரச் சுரூபம், தரும்வரைக்கும் முகம் சுவருக்கு.

“என்ன தொலைந்தது?” என்றார் டாக்டர்.

“நித்திரை. மனுசன் போனதிலயிருந்து கட்டிலின்ர மற்றப் பக்கம் குளிருது.”

டாக்டர் இயந்திரத்தின் ஊகத்தை அழித்தார். துக்கம், மனச்சோர்வு என்று தானே தட்டினார். ஒரு குளிசை, பேசுவதற்கு இன்னொரு நாளில் டெர்மின். வேலை இடத்துக்கு ஒரு சொல்லும் போகாது என்றதும் அக்காவின் கை தளர்ந்தது.

தரிப்பிடத்தில் அவருடைய டிராம் முதலில் வந்தது.

“இண்டைக்கும் நித்திரை வராட்டில் எனக்குப் போன் அடியுங்கோ அக்கா. என்ர கவிதை ஒண்டு வாசிக்கிறன்.”

“அப்ப குளிசை தேவைப்படாது. வாறன் தம்பி.”