எஞ்சினை நிறுத்திய பிறகு கேட்ட சத்தம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகியவன் நான். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். வரி ஏறும், இறங்கும், சில இடத்தில் பேனா கடதாசியைக் கிழித்தும் இருக்கும். ஆனாலும் எழுதுவது எனக்குப் பெரிய சந்தோஷம். என் பெயரை முதன்முதலாக எழுதிய கடதாசியை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தால்தான் செய்தியும் எனக்குத் தெரிய வந்தது. வாசிக்கப் பழகிய பிறகு நான் ஒன்றையும் விடுவதில்லை. பஸ் பலகை, மருந்துக்கடைப் பலகை, பிஸ்கட் உறை எல்லாவற்றையும் வாசிப்பேன். போன கிழமை பசறை பஸ் நிலையச் சுவரில் கறுப்புக் கரை போட்ட கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். ப. ழ. னி. எழுத்தெழுத்தாகக் கூட்டி, தடுக்காமல் வந்துவிட்ட மகிழ்ச்சியில் சத்தமாகவே சொன்னேன்: "பழனியாண்டி!"

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "தெரிஞ்சவரா தாத்தா?"

நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகுதான் எழுத்துக்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தேன். அடக்கம் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரம் பார்த்தவர். வலது காது கேட்காது. இடது காதில் ஊசி விழுந்தாலும் கேட்கும். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். முன்பு அவர் இருந்த தோட்டத்தில் மலை சரிந்து லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். எங்களிடம் வந்த பிறகு பல வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு என் மகன் சேகர் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வசந்தாவுக்கு அப்போது நிறைமாதம். அந்த நேரம் பார்த்து கார் முனக ஆரம்பித்தது. ஏற்றத்தில் சூடேறியது. முன்பக்கம் தண்ணீர் சொட்டியது. பழனியாண்டி அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை வாட்டர் பம்பில் வைத்து, மரப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். ஆட்டுரலில் மணலைப் போட்டு அரைப்பதுபோல ஒரு சத்தம்.

"பேரிங் போச்சு. பம்பை மாத்தணும்" என்றார்.

"கராஜ்ல விட்டா என்னாண்ணே?"

"விடு. புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போறப்போ காரைத் திருப்பிக் குடுப்பான்."

சேகர் பதுளைக்குப் போய் புதுப் பம்பும் ஒழுகாமல் அடியில் வைக்கும் பெக்கிங்கும் வாங்கி வந்தான். மறுநாள் காலை லயத்து வாசலிலேயே வேலை தொடங்கியது. எஞ்சின் நன்றாக ஆறும்வரை அண்ணன் ரேடியேட்டர் மூடியில் கைவைக்க விடவில்லை. கூலன்ட் கலந்த ரேடியேட்டர் தண்ணீரைப் பேசினில் இறக்கியதும் அதைத் தகரத்தால் மூடினார். "இனிக்கும் அது. நாய் குடிச்சா செத்துரும்" என்றார். பெல்ட்டைக் கழற்றப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"அவசரப்படாத ராமையா. பெல்ட் இறுக்கமா இருக்கையிலேயே கப்பி போல்ட்டை இளக்கு. இல்லாட்டி கப்பி உன்கூடச் சேர்ந்து சுத்தும்."

பம்பின் போல்ட்டுகள் ஒன்றுபோல் இல்லை. சில நீளம், சில கட்டை. ஒரு பெட்டி அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எது இருந்ததோ அந்த இடத்தில் அதைக் குத்தி வைத்தார். எழுத்துத் தெரியாத எனக்கு அது பார்த்தவுடன் விளங்கியது. பழைய பெக்கிங்கைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி இறுக்கினோம். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டு, "தங்கம்" என்றார். நான் காருக்குள் கை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

குந்தியிருந்த அவர் எழுந்திருப்பதற்காக ஸ்க்ரூடிரைவரை வாசற்படிக் கல்லில் ஊன்றினார். பிடி அவர் காதோரம்தான் இருந்தது. அப்படியே அசையாமல் இருந்துவிட்டார்.

"எஞ்சினை நிப்பாட்டு" என்றார்.

"நிப்பாட்டிட்டேன்ணே."

"அப்ப எது ஓடுது?"

நான் சாவியைக் கழற்றிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. நுனியைப் பின்சுவரில் வைத்தார். அங்கிருந்து பலாமரத்து வேரில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிடியை என் காதில் அழுத்தினார். வெயில் சுள்ளென்று அடித்தது. மழை பெய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அந்த வேருக்குள்ளே, வெகு ஆழத்தில், ஆட்டுரலில் மணலைப் போட்டு அரைக்கும் அதே சத்தம்.

பக்கத்துக் காம்பரா முனியம்மா இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாண்ணே, மலைக்கும் பம்ப் போயிருச்சா? சேகர்கிட்டச் சொல்லிப் புதுசு ஒண்ணு வாங்கியாரச் சொல்லவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"மொதல்ல எல்லாரும் எறங்குங்க. பெறகு சேர்ந்து சிரிப்போம்" என்றார்.

அவர் கேட்டுக்கொண்டதற்காக மட்டுமே வசந்தாவைக் காரில் ஏற்றினோம். எட்டுக் குடும்பத்தில் நான்கு குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டோரப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கியது. இரண்டாம் நாள் பதுளை ஆஸ்பத்திரியில் என் பேத்தி பிறந்தாள். மூன்று நாளும் வானம் நீலமாக இருந்தது. ஒரு கல்கூட உருளவில்லை. நான்காம் நாள் எல்லோரும் கேலி பேசிக்கொண்டு மேலே ஏறினோம்.

பழனியாண்டி அண்ணன் ஏறவில்லை. பசறையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கடைக்குப் பின்னால் அறை கொடுத்தார். அங்கேயே தங்கி, காற்றாடியும் அடுப்பும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னது தப்பாப் போச்சேண்ணே" என்று ஒருமுறை சொன்னேன். "நல்லதுதானே. நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். நீங்க எறங்கிடுங்க" என்றார்.

பேத்தி பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்ட அன்று வந்தார். ஆனால் தார் ரோட்டை விட்டு மேலே ஒரு படி ஏறவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். இடது காதை அதன் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இது நல்லா ஓடுது" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு பசறையில் எப்போது கண்டாலும் அவர் முதலில் கேட்டது ஒன்றுதான். "இன்னும் இருக்கீங்களா?" நலமா என்று மற்றவர்கள் கேட்பதுபோலத்தான் கேட்பார். அடுத்தது, "மலையிலயிருந்து வர்ற பீலித் தண்ணி தெளிவா வருதா? மண்ணு கலங்குனா மலை நகருதுனு அர்த்தம்." தெளிவாகத்தான் வருகிறது என்பேன். தலையாட்டுவார். நம்பியதாகத் தெரியாது.

ஒரே ஒரு தடவை, கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவராகவே பழைய தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"அன்னைக்குக் காலையில கதவு நெலையில சிக்கிக்கிச்சு. மழைக்கு ஊதிருச்சுனு நெனச்சேன். உளியெடுத்து ஓரத்தைச் சீவி, நல்லா சாத்துற மாதிரி செஞ்சு குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன். அவகூட சொன்னா, இப்பதான் ஒழுங்காச் சாத்துதுனு." உளி பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கினார். "கதவு ஒழுங்காத்தான் இருந்துச்சு ராமையா. வீடுதான் கோணிக்கிச்சு."

அந்தக் கறுப்புக் கரைக் கடதாசியை வாசித்த அன்று நேரே நானாவின் கடைக்குத்தான் போனேன். எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கோபித்துக்கொண்டேன். நானா என்னை முறைத்துப் பார்த்தார்.

"நீங்க மேலயா இருக்கீங்க இன்னும்?" என்றார்.

"மேலதான்."

அவர் முகம் மாறிவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார். கடைசி இரண்டு நாளும் அண்ணன் கட்டிலில் படுக்கவில்லையாம். தரையில் இறங்கி, இடது காதைச் சிமெந்தில் வைத்துக்கொண்டே கிடந்தாராம். தூக்கிப் படுக்க வைத்தால் மறுபடி இறங்கிவிடுவாராம். "ராமையா வீட்ல எல்லாரும் எறங்கிட்டாங்களானு கேட்டுக்கிட்டே இருந்தார். சாப்பாடு வேணாம், மருந்து வேணாம், இதுதான் கேள்வி. என்னால தாங்க முடியல. எறங்கிட்டாங்க, எல்லாரும் எறங்கிட்டாங்கனு சொன்னேன். அப்பதான் காதை எடுத்தார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான்."

நான் வீட்டுக்குப் போனேன். அப்போது பிற்பகல், நல்ல வெயில். பலாமரத்தைத் தாண்டும்போது வேரில் காது வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. ஒன்றும் கேட்காவிட்டால் நான் அங்கேயே இருந்துவிடுவேன்.

சாமான் கட்டச் சொன்னதும் சேகர் கத்தினான். "மழையே இல்லப்பா. ஏழு வருசமா ஒரு மண்ணும் விழல. செத்துப்போன மனுசன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"நானா பொய் சொல்லிட்டார்டா. அந்த மனுசன் அதை நம்பிக்கிட்டுப் போயிட்டார். அதை அப்படியே விட முடியாது."

வசந்தா பிள்ளையின் உடுப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்: "மாமா, நான் அந்தப் பின்சுவத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறதே இல்ல. புள்ளயோட திரும்பி வந்ததுலயிருந்து."

நானும் வைப்பதில்லை. ஏழு வருடமாக. ஒருவரிடமும் சொன்னதில்லை. திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் தன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது சுவரை விட்டு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. போய்க் காரைப் பின்னால் எடுத்தான்.

இதை நானாவின் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்து எழுதுகிறேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் பிழைகளைத் திருத்துகிறாள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். வசந்தா தேயிலைக் கொழுந்து எடுக்க மட்டும் காலையில் பஸ் ஏறி மேலே போய் வருகிறாள். மலை அப்படியே நிற்கிறது என்கிறாள். நிற்கட்டும். என்றைக்கும் நிற்கட்டும். அண்ணன் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இருக்கும் அவருடைய ஆயுதப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் நானா. வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்றைத்தான். அதைக் கேட்க இப்போது வேறு ஆள் இல்லை.

முனியம்மாவும் மற்ற ஆறு வீட்டாரும் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள். நாளைக் காலை போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிடப்போகிறேன். சிரிப்பார்கள், தெரியும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதை அடுத்த கிழமை பெயர் பெயராக எழுதுகிறேன்.