இலை மிஞ்சிய மரம்

அமீரகத்தில், புஜைராவில் எங்கள் குடியிருப்பைச் சுற்றி ஒன்பது வேப்பமரங்கள். அந்த வருஷம் எங்கிருந்தோ வந்த அந்துப்பூச்சி எட்டை மொட்டையாக்கிவிட்டது. புழுக்கள் நூல்விட்டு இறங்கிக் காயப்போட்ட துணியில் ஏறின. தோட்டக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த அப்பாவுக்குத்தான் அந்த மரங்களின் பொறுப்பு. மருந்து வந்து சேரவில்லை என்று தினமும் புலம்புவார். "விசா இல்லாம வந்த பூச்சி, என் விசாவுக்கு வேட்டு வச்சிட்டுத்தான் போகும்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார்.

அதே சமயம் தம்பிக்கு அம்மை. எங்கள் வீட்டில் "அம்மா விளையாடுறா" என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவழியாக மருந்து வந்து சேர்ந்த அன்று, அரிப்புத் தாங்காமல் அழுகிறான் என்று அம்மா போன் செய்ததும், அப்பா வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேப்பிலை வேண்டும். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலிருந்த ஒன்பதாவது மரம் மட்டும் பச்சையாக நின்றது. "ஆத்தா நமக்குன்னு ஒண்ணை விட்டு வச்சிருக்கா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான்தான் ஒடித்து வந்தேன். மஞ்சளோடு இலையை வாளித் தண்ணீரில் போட்டு பால்கனி வெயிலில் வைத்தாள்.

உடம்பு தேய்க்க இன்னொரு கொத்து வேண்டும் என்று மறுபடி அனுப்பினாள். அப்போதுதான் கீழே பார்த்தேன். மரத்தடி முழுக்கப் புழு. ஒன்றுகூட நெளியவில்லை. கையை மோந்தேன். வேப்பிலை வாசமில்லை, மருந்து வாடை.

மூன்று மாடி எப்படி ஏறினேனோ. தம்பி சட்டையில்லாமல் முக்காலியில் உட்கார்ந்து, என் முடியில் ஒட்டியிருந்த புழுநூலைப் பார்த்து, "புழுவோட அக்கா வந்தாச்சு" என்று பழிப்புக் காட்டினான். அம்மா சொம்பை முக்கிவிட்டாள். சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வாளியை உதைத்துக் கவிழ்த்தேன்.

"அடி பாவி, ஆத்தா தண்ணியக் காலால உதைச்சிட்டியே!" முதுகில் விழுந்த அடியைவிட அம்மாவின் அழுகைதான் வலித்தது.

சாப்பாட்டுக்கு வந்த அப்பா, தரையில் கிடந்த இலையை எடுத்து மோந்தார்.

"எந்த மரத்துல புள்ள?"

"பார்க்கிங் பின்னாடி."

"அவன் மேல பட்டுச்சா?"

"இல்லப்பா."

சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கைகளை சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். "புழு எச்சம் பட்ட இலை, ஆகாது. நான் வேற கொண்டாறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

சாயங்காலம் என்னோடு போய் அந்த மரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். மருந்தடித்த மரத்தில் தொங்கவிடும் எச்சரிக்கை அட்டையில், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே தேதி எழுதினார்.

"அப்பா, அது நேத்துத் தேதி" என்றேன்.

பேனா நின்றது. "அம்மாட்ட சொல்லாத புள்ள" என்றார். இவ்வளவு பெரிய ஃபோர்மேனுக்குத் தேதிகூடத் தெரியவில்லையே என்று அம்மா கேலி செய்வாள், அதற்குத்தான் வெட்கப்படுகிறார் என்று நினைத்து, பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.