அக்காவுக்கு எழவு சொல்லப் போன ஏட்டு

என் தாய்மாமன் சென்னிமலை, போலீஸில் ஏட்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கவே மாட்டார். திருச்செங்கோட்டுத் தேரில் ஜேப்படி அடித்துவிட்டுத் தப்பியவனை, வெகு வருஷம் கழித்து, செவ்வாய்ப்பேட்டை ஜன நெரிசலில் காதைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர். என் கல்யாணத்தில் என் மாமனார் வீட்டு ஆட்களை என்னைவிட அவர்தான் நன்றாக அடையாளம் கண்டுகொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

பென்ஷன் வந்ததும் சேந்தமங்கலத்துப் பக்கம் சொந்த ஊரில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்தார். "இனி மாட்டுக்குப் பின்னாலதான் நடப்பேன், திருடனுக்குப் பின்னால ஓட மாட்டேன்" என்பார். முப்பத்தி நாலாம் வருஷக் கோடையில் அந்தப் பேச்சு எடுபடாமல் போயிற்று.

அந்தக் கோடையில் சுற்றுப்பட்ட ஓடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்பிணங்கள் கிடந்தன. நாலு பேர். நாலு பேருமே மாமனுடைய ஊரில் பிறந்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர்கள். சேலை முந்தானையாலேயே கழுத்தை நெரித்து, தோடு, கொப்பு, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றியிருந்தான் பாவி. செத்தவர்களின் வீட்டில் விசாரித்தால் எல்லா இடத்திலும் ஒரே கதை. ஆண்கள் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஒருவன் வந்து, பிறந்த ஊரில் அம்மா போய்விட்டாள், அண்ணன் போய்விட்டான் என்று எழவு சொல்லியிருக்கிறான். அவள் அவன் பின்னாலேயே அழுதுகொண்டு கிளம்பியிருக்கிறாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் எழவு சொல்ல வருகிறவன் வாசலுக்கு வரக்கூடாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று, பெயரைச் சொல்லி, "தவறிட்டாருங்க" என்பான். அவன் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் ஆகாது. எப்போது, எப்படி என்று குறுக்குக் கேள்வியும் கிடையாது. காதில் விழுந்த மாத்திரத்தில் பெண்கள் போட்டது போட்டபடி ஓட வேண்டியதுதான்.

மாமன் ஊரில் எழவு சொல்லப் போவது அம்மாசி குடும்பத்து வேலை. அவன் அப்பனுக்குப் பிறகு அவன். வந்தது யார் என்று போலீஸ் கேட்டபோது நாலு ஊர்ச் சாட்சிகளும் யோசிக்கவே இல்லை. "அம்மாசிதானுங்க" என்று சத்தியம் செய்தார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மாசியைச் சத்தமில்லாமல் தூக்கி லாக்கப்பில் போட்டார். நகை கிடைக்கும்வரை விஷயம் வெளியே கசியக்கூடாது என்று உத்தரவு. நகை கிடைக்கவில்லை. அப்போதுதான் மாமனுக்கு ஆள் அனுப்பினார்.

மாமனை வில்வண்டியில் கூட்டிப் போனது நான்தான். ஸ்டேஷன் வாசலிலேயே அம்மாசியின் மனைவி மாரியாயி காலில் விழுந்தாள். "சாமி, கோழி அறுக்கறதுக்கே கண்ணை மூடிக்கற மனுசனுங்க அது" என்று அழுதாள். மாமன் அவளை எழுப்பி நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

லாக்கப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல அம்மாசி ஆரு?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கேலி என்று நினைத்தார். நான் மாமன் முகத்தைப் பார்த்தேன். அது கேலி இல்லை. அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எங்கூரு ஆளுங்க இவன்" என்றார் மாமன். "நாலு நாளைக்கு ஒருக்கா எதிர்ல வாரவன். எனக்கே இவன் மூஞ்சி தெரியல. உங்க சாட்சிக்கு எப்படீங்க தெரிஞ்சிருக்கும்?"

"ஏட்டய்யா, உங்களுக்கு மூஞ்சி மறந்துபோச்சுன்னா கோர்ட்டில் கேஸ் நிற்காமல் போய்விடுமா? சத்தியம் பண்ணிச் சொல்கிறார்கள். தூக்கு நிச்சயம்."

"அப்ப ஒரு நாள் எங்கூட வாங்க. காட்டறேன்."

அவர் செய்யப்போவதைக் கேட்டதும் நான் கூடாது என்று சண்டை போட்டேன். ஏனென்றால் அவர் எழவு சொல்லப் போவதாகச் சொன்னது என் அம்மாவுக்கு. அவருடைய கூடப்பிறந்த அக்கா ஆத்தாயிக்கு. அதுவும் அவருடைய சாவையே. "வேற ஆராச்சும்னா, அவளுக்கு அம்மாசியைச் சரியாத் தெரியாதும்பாங்க மாப்பிள்ளை. என்னை எங்கக்காளவிட ஆருக்குத் தெரியும்? அவளே சொன்னாத்தான் இந்த மனுசன் நம்புவாரு" என்றார். ஒரு உயிருக்காக இவர் இவ்வளவு தூரம் போவாரா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

என் அம்மாவுக்கு இந்தக் கொலைகளெல்லாம் தெரியும், அம்மாசி பிடிபட்டது மட்டும் தெரியாது. ஓயாமல் அதே பேச்சுதான். "நானா இருந்தா மூஞ்சியப் பாக்காம ஒரு எட்டு எடுத்து வெப்பனா?" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் புத்தி சொன்னவள்.

சந்தை நாள் உச்சிவெயிலில் மாமன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, துண்டைத் தலையில் போட்டு, எங்கள் தெருமுனையில் போய் நின்றார். நானும் இன்ஸ்பெக்டரும் ஓடைக்கரைப் புதரில் ஒளிந்திருந்தோம். அங்கிருந்தே அம்மாவின் அலறல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். மாமன் முன்னால், அம்மா பின்னால். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, மாரில் அடித்துக்கொண்டு, தன் தம்பிக்காகத் தன் தம்பியின் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். அவ்வளவு புத்தி சொன்னவள் ஒரு தடவைகூட நிமிரவில்லை. வெறும் ஓடையில், யாருமில்லாத வெயிலில், துண்டு போட்டவன் போன பக்கமெல்லாம் போனாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து எதிரே போனார். "அம்மா, உங்க வீட்டுக்கு எழவு சொல்ல வந்தது யார்?"

"அம்மாசிங்க."

"நன்றாகத் தெரியுமா?"

"அவனத் தெரியாதுங்களா? எத்தன வருசமாப் பாக்கறேன்."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

"எந்தம்பி மேல சத்தியமுங்க" என்று சொல்லி மறுபடி அழுதாள்.

மாமன் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அக்கா" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து இரண்டு கையாலும் அவரை அடித்தாள். அடித்து ஓய்ந்து, அதே கையால் கட்டிக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாமன் அழவில்லை. அம்மா கொஞ்சம் அடங்கியதும் கேட்டார். "அக்கா, வாரப்ப ஒண்ணு சொல்லி அழுதியே, அதையே திருப்பிச் சொல்லு."

"நீ நல்லாருக்கறேன்னு உப்புக்காரன் சொன்னானே தம்பி, முந்தாநேத்துதானே அவனக் கேட்டேன்னு அழுதேன். அதுக்கென்ன?"

உப்பு வண்டிக்காரன் வீரபாகு. மாட்டு வண்டியில் ஊர் ஊராக உப்பு விற்பவன். மாமன் ஊரில்தான் வண்டியை அவிழ்ப்பான். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அவனிடம்தான் பிறந்த வீட்டுச் சேதி கேட்பார்கள். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுகமில்லை, எந்த நாளில் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், யார் காதில் என்ன தொங்குகிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். நாலு வீட்டிலும் போய்க் கேட்டோம். நாலு வீட்டுக்கும் உப்பு போடுகிறவன் அவன்தான். அடிக்கடி அவன் முகத்தைப் பார்த்துப் பேசினவர்களே, துண்டு தலைக்கு ஏறியதும் அவனை அம்மாசி என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த சந்தையில் மாமன் உப்பு வாங்குகிறவர் மாதிரி அவன் வண்டியண்டை போனார். வீரபாகு சிரித்துக்கொண்டே படியை எடுத்தான். மாமன் மேல்மூட்டையை விட்டுவிட்டு அடிமூட்டையின் வாயை அவிழ்த்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தபோது உப்போடு ஒரு ஜோடித் தோடு இருந்தது. வீரபாகு ஓடவில்லை. "எப்படீங்க கண்டுபுடிச்சீங்க? ஆரும் பாக்கலியே" என்றான்.

அம்மாசியை விட்ட அன்று நான்தான் வண்டி கொண்டு போயிருந்தேன். ஏறச் சொன்னால் அவன் ஏறவில்லை. மாரியாயியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். மாமன் இறங்கி அவனோடு நடந்தார். நடந்தபடியே அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நல்ல பகல் வெளிச்சம். இடது புருவத்திலிருந்து காதுவரை ஒரு பெரிய தழும்பு.

"இது எப்பப் பட்டது அம்மாசி? ஸ்டேஷன்ல அடிச்சாங்களா?"

"இல்லீங்க சாமி. பழசுங்க."

"எப்ப?"

அவன் சொல்லத் தயங்கினான். "உங்க ஆத்தா தவறுனப்பங்க. நீங்க ஆத்தூர் ஸ்டேஷன்ல இருந்தீங்க. மழையில ஓடியாரப்பக் கல்லு மேல உளுந்துட்டனுங்க. ரத்தத்தோடதான் வந்து நின்னேன்."

மாமன் நின்றுவிட்டார். "எம் முன்னாலயா நின்னே?"

"ஆமாங்க. பக்கத்துலதானுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க சாமி" என்றான் அம்மாசி.

நான் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஊர் வரும்வரை மாமன் ஏறவில்லை.