இரவு இரண்டு முப்பத்தெட்டுக்குப் போன செய்தி

டினுஷாவின் அப்பாவும் இரவில் தூங்குவதில்லை, டினுஷாவும் தூங்குவதில்லை. அப்பா ஊரில், கிரான் வயல்வட்டையில் விளைந்து கிடக்கும் நெல்லுக்கு யானைக் காவல். மகள் நாவற்குடாவில், எங்கள் போர்டிங் அறையில், போனுக்குக் காவல். யானையாவது விடிந்தால் காட்டுக்குப் போய்விடும்.

அந்தப் போன் வெளிச்சத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் படுத்தவள் நான். ஆகவே சொல்ல எனக்கு உரிமையுண்டு: அவளைப்போல் ஒரு தூங்குமூஞ்சியைக் கம்பஸ் கண்டதில்லை. காலை விரிவுரையில் கன்னத்தில் கைவைத்து, கண்ணைத் திறந்தபடியே தூங்குவாள். இப்படிப்பட்டவள் இறுதி வருட ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, ‘மாணவரின் அதிக போன் பாவனையும் நித்திரைக் குறைவும்’. சாத்தான் வேதம் ஓதுகிறது என்று அன்றைக்கே சொன்னேன்.

கேள்விக்கொத்தை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும், ஆய்வை மேற்பார்க்கும் ஹில்மி சேர் இருக்கும் குழுவிலும் போட்டாள். ஒரு கிழமையாகியும் நாற்பது பேர்கூட நிரப்பவில்லை. இருநூறு வேண்டும். இல்லாவிட்டால் சேர் ஆய்வை ஏற்கமாட்டார், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். யானையிடமிருந்து மீட்ட நெல்லில் மகளைப் படிப்பிக்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஒருநாள் இரவு இரண்டு முப்பத்தெட்டுக்கு, ‘தயவுசெய்து நிரப்புங்கள்’ என்று மறுபடி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். விடிவதற்குள் இருநூறு தாண்டிவிட்டது. காலையில் பதில்களைப் பார்த்தவள் அழத் தொடங்கினாள்.

“எல்லாரும் பத்து மணிக்கே படுக்கிறாங்களாம் கா. எட்டு மணித்தியாலம் நித்திரையாம். நான் இனி என்னத்த எழுதுற?”

“பொய்யனுகள். அனுப்பின நேரத்தப் பாரு,” என்றேன்.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நேரம் பதிந்திருந்தது. ‘பத்து மணிக்குப் படுப்பேன்’ என்று எழுதியிருந்தவர் அதை அனுப்பிய நேரம் அதிகாலை 2.41. அப்படி நூற்றுக்கு மேல். அதையே ஆய்வாக எழுதினாள்.

ஆய்வை விளக்கும் நாளில் நான் பின்வரிசையில் இருந்தேன். சேர் அறிக்கையை மூடி வைத்தார்.

“நித்திரையில கிடந்த புள்ளைகள நீங்கதானே மெசேஜ் போட்டு எழுப்பினீங்க? இத எப்படி ஏத்துக்கிற?”

டினுஷாவின் முகம் வெளிறியது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“இல்ல சேர். நித்திரையில கிடந்தா கண்ணக் கசக்கிப் போனத் தேடவே அஞ்சு நிமிசம் போகும். இவங்க மூணு நிமிசத்துல நிரப்பி அனுப்பிட்டாங்க.”

“எல்லாரும் அப்படியில்ல. நான் பத்து மணிக்கே படுத்திருவன்.”

“அன்டைக்கு என்ட மெசேஜுக்கு முதல்ல கட்டைவிரல் போட்டது நீங்கதான் சேர். ரெண்டு முப்பத்தொம்பதுக்கு.”

அறையே சிரித்தது. சேர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு அறிக்கையைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

அன்றிரவு கட்டிலில் சாய்ந்தபடி, காவலிலிருந்த அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். போன் நெஞ்சில் கிடந்து ‘ஹலோ, ஹலோ’ என்றது. நான் எடுத்தேன்.

“படுத்திட்டாள் மாமா. எழுப்பட்டா?”

“வேணா சர்மிளா, படுக்கட்டும்,” என்றார் அவர். “நான் முழிச்சிரிக்கன்தானே.”