சிலேட்டில் ஒரு 'மே'

ஜூன் மாதம் சாரல் விழுந்தால் இப்போதும் எனக்கு அந்த மேனேஜர் நினைவுதான் வருகிறது. குற்றாலத்தில் நாங்கள் தங்கிய லாட்ஜில் இருந்தவர். குண்டு மனிதர், காதில் சாக்பீஸ் செருகியிருப்பார். காலையில் வாசலுக்கு வந்து, கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்வரை மலையைப் பார்ப்பார். பிறகு சிலேட்டில் ஒவ்வோர் அருவியின் பெயருக்கு நேரேயும் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதுவார். குளிக்க விடுவார்கள் போலிருந்தால் 'மே', அதாவது நடக்கலாம். சந்தேகமாக இருந்தால் அதைவிட நம்பிக்கை குறைந்த 'மைட்'. நிச்சயம் நடக்கும் என்று பொருள்படும் 'வில்'லை அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை.

"திடீர்னு தண்ணி கூடிட்டுன்னா போலீஸ் கயிறு கட்டிருவான். நான் எப்படி வில்லுன்னு எழுத?" என்று எரிந்து விழுவார்.

அம்மாவுக்கு அப்போது கீமோ நடந்துகொண்டிருந்தது. சாரலில் நிற்க ஆசைப்பட்டு வந்தவள், மூன்றே நாளில் அந்தச் சிலேட்டைப் படிக்கப் பழகிவிட்டாள். கிளம்பும்போது அவரிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, அடுத்த சீசனுக்கு நான் வருவனா? மேயா, மைட்டா?"

அவர் சிரித்து மழுப்பவில்லை. மலையைப் பார்ப்பதுபோலவே அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"மே தான்க்கா," என்றார்.

தென்காசி பஸ்ஸில் அம்மா தலைத்துணியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் கண்டிப்பா சரியாயிரும்னு சும்மா சொல்லுதாவ. இவரு பாத்துட்டுல்லா சொல்லுதாரு."

வழி முழுக்க அவள் முகம் தெளிவாக இருந்தது.

அடுத்த சீசனுக்கு அம்மா இல்லை. ஆனாலும் அவர் பொய் சொன்னதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.